நீக்கு வேணுமா?

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். மேல்சித்தாமூர்ச் சமண வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். விளக்கு வைத்த பிறகு அடுப்படியில் வேலை கிடையாது. அந்த நேரம் முழுக்கத் திண்ணைப் பேச்சுக்கு உரியது. நான் சிறுவனாக இருந்தபோது அது பெரியவர்களின் பேச்சு. மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போனது, மடத்தில் என்ன விசேஷம், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் வரன், செஞ்சிக்கு எந்த பஸ் நின்றுபோனது. பிள்ளைகள் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். யாராவது வாயைத் திறந்தால், "பெரியவங்க பேசறப்போ இன்னா குறுக்க?" என்று ஒரு அதட்டல் வரும். பேச்சு மறுபடி எங்கள் தலைக்கு மேலே ஓடும்.

இப்போது அதே திண்ணையில், அதே நேரத்தில், பேசுவது என் மகள். இரண்டேகால் வயது. என் அம்மாவும் மனைவியும் நானும் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம்.

போன வருஷத் தேருக்கு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். அப்போது அவளிடம் இருந்தவை அம்மா, ப்பா, தா, போ, காக்கா என்று ஒரு கைப்பிடிச் சொற்கள். தேரைக் காட்டி, "தேர் பாரு, தேர் சொல்லு, தேர்" என்று வழியெல்லாம் கேட்டேன். என் முகத்தையும் தேரையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர உதடு அசையவில்லை. இந்த வருஷம் வடம் பிடித்து இழுத்த தேர் நிலைக்கு வந்து நின்றதும், என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "தேய் தூங்கப் போயிடுச்சாப்பா? அதுக்குக் காலு வலிக்குதா?" என்று கேட்டாள். இரண்டு தேருக்கு நடுவே இருந்தது ஒரே ஒரு வருஷம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக்கூட ஒரு வருஷத்தில் இவ்வளவு தூரம் கடத்திக் காட்ட என்னால் முடிந்ததில்லை. நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருபவன்.

அந்தப் பழைய மௌனத்தை இப்போது நினைத்தால் அதை மௌனம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1984இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள டகர ஒலியையும் தகர ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அது பிடிபடவில்லை. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளும் பெரியவர்களைப் போல ஆகிவிட்டன. தங்கள் வீட்டில் பயன்படாத வேறுபாட்டை விட்டுவிட்டன. முதல் சொல் வருவதற்கு முன்பே, எந்த ஒலிகள் இந்த வீட்டின் ஒலிகள், எவை வெளியே உள்ளவை என்று தரம் பிரித்து முடித்துவிடுகிறது குழந்தை. டகரமும் தகரமும் நம் வீட்டில் உயிரோடு இருப்பவை, 'பாட்டு' வேறு, 'பாத்து' வேறு. என் மகள் என் தோளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த வேலை முடிந்து அடுத்த வேலை நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அவள் காதில் நாள்தோறும் விழும் இன்னொன்று பஞ்ச நமஸ்கார மந்திரம். பிராகிருதம். ணகரத்தில் தொடங்கும். தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காது, நன்னூலும் அதை மொழி முதலாகும் எழுத்துகளில் சேர்க்கவில்லை. ஆனால் சமண வீட்டுப் பிள்ளையின் நாக்கு நாளின் முதல் ஒலியாகவே அதைத்தான் மடக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. அம்மா காலையில் அவளை மடியில் வைத்துச் சொல்வார். பொருள் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் கற்றேன். மகள் முதலில் ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகினாள். பிறகு அடிகளின் கடைசி அசை மட்டும் வந்தது. இப்போது முழுவதையும் சொல்கிறாள், ணகரத்தை நகரமாக்கி.

முதலில் வருபவை உதட்டு ஒலிகள். பகரமும் மகரமும். இரண்டு உதடும் சேர்ந்து பிரிந்தால் போதும். எந்த எழுத்து எந்த இடத்தில் எப்படிப் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லிவைத்திருக்கிறது. வயிற்றிலிருந்து எழும் காற்று, தலை, கழுத்து, நெஞ்சு, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என்று வரிசையாக. அதைப் பாடமாக நடத்தும்போது பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போய்விடும். 1941இல் ரோமன் யாக்கோப்சன், உலகக் குழந்தைகள் ஒலிகளைப் பெறும் வரிசையில் உதட்டொலிகளும் அகரமும் முன்னால் நிற்கின்றன என்று எழுதினார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை நமக்குத் தெரியும், ரகரம், றகரம், ழகரம். மகளுக்கு இன்னும் தேர் 'தேய்'தான், பழம் 'பயம்'தான். பழத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சாகும்வரை 'வாயப்பயம்' என்றே சொல்லி நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

என் காலத்துக்கு வருகிறேன். மேல்சித்தாமூர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மல்லிநாதர் கோயிலும் இங்கே. மடத்தின் சுவடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வளர்ந்த ஊர். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்காக எழுதியது அந்த நூல். அதை 'நம்ம நூல்' என்று சொல்லும் உரிமை எங்கள் வீடுகளில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமண வீடுகளுக்குப் போய்ப் போய்த்தான் பொருள் விளங்காத இடங்களைத் தெளிந்துகொண்டார். ஏட்டில் திணறவைத்தது அந்த வீடுகளில் அன்றாடப் பேச்சாக இருந்தது. இதை என் தாத்தா பெருமையோடு சொல்வார்.

ஆனால் இவ்வளவு இலக்கணம் விளைந்த மண்ணில் எங்களுக்கு இலக்கணம் வந்த வழி பிரம்பு வழி. ஒன்பதாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம். 'வந்தனன்' என்று பலகையில் எழுதுவார்கள். வா பகுதி, வ ஆனது விகாரம். த் சந்தி, ந் ஆனது விகாரம். த் இறந்தகால இடைநிலை. அன் சாரியை. அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இதை வாய்ப்பாடு போல ஒரே மூச்சில் சொல்லவேண்டும். நான் சொல்வேன். சொல்லாதவர்கள் கை நீட்டுவார்கள். அந்த வகுப்பில் இருந்த நாற்பது பேரும் அன்று காலை வீட்டில் "சாப்ட்டுட்டு வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான். பகுதியும் இடைநிலையும் விகுதியும் அவர்கள் வாயில் அப்போதே சரியாகத்தான் இருந்தன. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு வயது பத்து மாதம் வாக்கில் என் மகள், டம்ளரைக் கீழே தள்ளிவிட்டு, "போட்டேன்" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது நெருங்கும்போது ஒரு நாள், "பாப்பா போடுனேன்" என்றாள். பேச்சு பின்னால் போகிறதே என்று அம்மா பதறினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளைக்கு இறந்தகாலம் பிடிபட்டுவிட்டது!

ஓடு, ஓடுனேன். பாடு, பாடுனேன். தேடு, தேடுனேன். அப்படியானால் போடு, போடுனேன். இறந்தகாலத்துக்குப் பவணந்தியார் தரும் இடைநிலைகள் நான்கு, த், ட், ற், இன். அவற்றில் இன் என்பதைப் பிள்ளை தனியே கழற்றி எடுத்து, கிடைத்த வினையில் எல்லாம் மாட்டிப் பார்க்கிறாள். முன்பு சொன்ன 'போட்டேன்' கேட்டதைத் திருப்பிச் சொன்னது, முழுச் சொல்லாக விழுங்கியது. இப்போதைய 'போடுனேன்' அவளே பகுதி பிரித்து, இடைநிலை வைத்து, விகுதி சேர்த்துக் கட்டியது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தெருவிலும் சொல்லமாட்டார்கள். கேட்டுப் பழகியிருக்க வழியே இல்லாத சொல்.

உலகத்தில் பல மொழிப் பிள்ளைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சரியாகச் சொல்வது, பிறகு விதி பிடிபட்டுத் தவறாகச் சொல்வது, பிறகு விதிவிலக்கும் பிடிபட்டு மீண்டும் சரியாகச் சொல்வது. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தை வரைந்து, அதற்கு 'வக்' என்று இல்லாத பெயரை வைத்து, "இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன?" என்று சின்னப் பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் பன்மை விகுதியைச் சேர்த்துப் பதில் சொன்னார்கள். முன்பின் கேட்டிராத சொல்லுக்குப் பன்மை சொல்ல, மனப்பாடம் உதவாது.

தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் நல்ல ஆய்வுகள் உண்டு. இந்தியாவிலேயே உருவான டிஃப்ராக் கணினியைக் கட்டிய குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன், பின்னாளில் குழந்தை பேசக் கற்கும் விதத்தை ஆராய்வதில் இறங்கினார். ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் பேசியதை, முதல் பிறந்தநாளுக்கு முன்பிருந்தே பதிவுசெய்த அவருடைய தொகுப்பு, உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சில்டஸ் என்ற குழந்தைமொழித் தரவகத்தில் இருக்கிறது. கணினி கட்டியவருக்கு இதைவிடப் பெரிய புதிர் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். 1989இல் பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லெனார்ட் இருவரும் இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகளை ஆராய்ந்து, விகுதிகளை அவர்கள் மிகச் சில பிழைகளோடு கையாள்வதைக் காட்டினார்கள். தமிழில் விகுதி ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுகிறது, வரிசையாக ஒன்றன்பின் ஒன்று ஒட்டுகிறது. பிள்ளைக்கு அதனால் பிடி கிடைக்கிறது. வகுப்பில் தமிழ் கஷ்டம் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த ஆய்வு என் நெஞ்சில் வந்து நிற்கும். இரண்டு வயதில் எவ்வளவு எளிதாக இருந்ததை நாங்கள் பதினான்கு வயதில் இவ்வளவு கடினமாக்கிக் கொடுக்கிறோம்!

அவளுடைய படைப்புகளில் எனக்கு உயிரானது வேறொன்று. பிஸ்கட்டை நீட்டி, "நீக்கு வேணுமா?" என்பாள். தனக்கு வேண்டுமென்றால், "நானுக்கு." அப்பாக்கு, ஆயாக்கு என்று எல்லாம் குவ்வை நேராக ஏற்கும்போது நானும் நீயும் மட்டும் ஏன் என், உன் என்று உருமாற வேண்டும்? அவள் பக்கம்தான் நியாயம். வரலாறு வேறு பக்கம் போய்விட்டது. அவளைத் திருத்தவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். "ஆமாம், எனக்கு வேணும்" என்று சரியான வடிவத்தைப் பதிலில் வைத்துக் கொடுத்தால் போதும், அவளே எடுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "எனக்குன்னு சொல்லுடி கண்ணு" என்று பத்து தடவை சொல்லவைப்பார். மகளும் பத்து தடவை "எனக்கு" என்று அழகாகச் சொல்லிவிட்டு, பதினோராவதாக, "நானுக்குப் போதும்" என்பாள்.

உறவுப் பெயர்களில் அவள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். ஒரே மனுஷி. நான் 'அம்மா' என்கிறேன். மனைவி 'அத்தை' என்கிறாள். எதிர்வீட்டார் 'அக்கா' என்கிறார்கள். அவள் 'ஆயா' என்று கூப்பிட வேண்டும். நாற்காலிக்கு யார் சொன்னாலும் நாற்காலி என்றுதான் பெயர். மனிதர்களுக்கு மட்டும், சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. கொஞ்ச நாள் அவளும் ஆயாவை 'அத்தை' என்று கூப்பிட்டாள். என்னை, தன் அம்மாவைப் பார்த்து, "என்னங்க" என்று கூப்பிட்டாள். அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஒவ்வொருவர் இடத்திலும் நின்று பார்த்தால்தான் இந்தக் கணக்கு விடைக்கு வரும். ஆயா அப்பாவுக்கு அம்மா என்று அவள் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று, என்னையும் அம்மாவையும் நீண்ட நேரம் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா பாப்பாவா?" என்று கேட்டாள். அம்மா அவளை வாரி எடுத்து, "ஆமாண்டி, எம் பாப்பாதான்" என்றார்.

மரியாதை விகுதி இன்னும் முழுதாக அடங்கவில்லை. தன்னைவிடப் பெரியதாக எது வந்தாலும் 'ங்க' போட்டுவிடுகிறாள். "மாடு வராங்க." "பஸ்ஸு போறாங்க." எறும்புக்கு 'ங்க' கிடையாது, ஆனால் எறும்பைத் தாண்டித்தான் நடப்பாள். எங்கள் வீட்டில் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் சொல்லிக்கொடுப்பது அதுதான். "பூச்சி பாவம், மிதிக்கக் கூடாது." அவளுடைய முதல் 'கூடாது' அங்கிருந்து வந்தது. வேணாம், இல்ல, மாட்டேன், முடியாது, தெரியாது, கூடாது என்று தமிழில் மறுப்புக்கு எத்தனை வாசல்! ஆர். வைத்தியநாதன் 1991இல் தமிழ்க் குழந்தை இந்த மறுப்புகளை எப்படி ஒவ்வொன்றாகப் பெறுகிறது என்று தனியே ஒரு ஆய்வு எழுதியிருக்கிறார். என் மகளுக்கு முதலில் வந்தது 'வேணாம்'. 'தெரியாது' கடைசியில் வந்தது. தனக்கு ஒன்று தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் வளரவேண்டியிருந்திருக்கிறது.

நாம, நாங்க வேறுபாடு வந்ததை நான் கவனித்தது கோயிலில். "அப்பா, நாம பாம்பு சாமி பாக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பார்சுவநாதரின் தலைக்கு மேலுள்ள நாகப்படத்தைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் பூக்கார அம்மா எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டதும், "நாங்க பாம்பு சாமி பாத்தோமே" என்றாள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம, விலக்கிவிட்டால் நாங்க. 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்ற பெயரை எழுதவைத்தால் என் மாணவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துப் பிழை வரும். அந்த வேறுபாட்டைப் பேச்சில் தவறவிட்ட ஒரு மாணவனைக்கூட நான் பார்த்ததில்லை.

மனைவிக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அவளுக்குக் கடலை, அம்மாவுக்கு மல்லாட்டை. அவளுக்கு 'என்ன', அம்மாவுக்கு 'இன்னா'. கல்யாணம் ஆன புதிதில் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் ஒருமுறை திருப்பிக் கேட்டுத்தான் புரிந்துகொள்வார்கள். மகள் ஆயாவிடம் போய், "இன்னா பண்ற?" என்கிறாள், தன் அம்மாவிடம் வந்து, "என்ன பண்றீங்க?" என்கிறாள். யாரிடம் எதைப் பேசவேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இத்தனையையும் நான் கவனிக்கிறேன். என்னை இப்படி யாரும் கவனிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, வீட்டில் பதினைந்து பேர் இருந்தோம், வயல் வேலை இருந்தது. என் முதல் சொல் என்ன என்று அம்மாவைக் கேட்டேன். "எல்லாப் பிள்ளையும் போலத்தான்" என்றார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. தேன் எங்கள் வீடுகளில் சேராது, அதனால் வசம்பு மட்டும். இப்போது வசம்பும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், நாங்களும் கொடுக்கவில்லை. ஆனால் பதினைந்து பேரின் பேச்சு தலைக்கு மேல் ஓடிய அந்தத் திண்ணை எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்தது. நேராகப் பேசினாலும் பிள்ளை கற்கிறது, பக்கத்தில் பேசினாலும் கற்கிறது. காதில் விழவேண்டும், அவ்வளவுதான்.

காதில் விழாத பிள்ளைக்கு?

எங்கள் தெருவில் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்தக் காலத்தில் அது வீட்டுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. "எங்க வூட்ல எல்லாருக்குமே பேச்சு லேட்டுதான்" என்றார்கள். கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். வசம்பு தடவினார்கள். பிறகு 'ஊமை' என்று பெயர் வைத்து விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை. 1991இல் லாரா ஆன் பெட்டிட்டோவும் பாலா மேரன்டெட்டும் ஒரு ஆய்வில், காது கேளாத பெற்றோரின் காது கேளாத குழந்தைகள், மற்றப் பிள்ளைகள் வாயால் 'பபபப' என்று மழலை கொட்டும் வயதில், கையால் மழலை பேசுவதைக் காட்டினார்கள். சைகைமொழி பேசும் வீட்டில் பிறந்திருந்தால் அவருடைய கையும் பேசியிருக்கும். மொழிக்கு வாய்தான் வேண்டும் என்பதில்லை, எதிரில் அதே மொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டும். அவருக்கு ஆள் இல்லை. தன் அம்மாவோடு அவரே கட்டிக்கொண்ட சில சைகைகள் மட்டும் இருந்தன. சோறு, மாடு, மழை, தேர். அந்த அம்மாவும் இப்போது இல்லை.

இன்று பிறந்த சில நாட்களிலேயே காதைச் சோதிக்கும் கருவி அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். இதைப் படிப்பவர் வீட்டில், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராத பிள்ளை இருந்தால், தயவுசெய்து நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பக்கம் இருப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பாட்டி சொல்வது போலத் தானாக வந்துவிடலாம், பல பிள்ளைகளுக்கு வரவும் செய்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள். ஒலியாகவோ கையாகவோ ஒரு மொழி பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டிய வயது இதுதான்.

அவர் மாலையில் எங்கள் திண்ணைக்கு வருவார். இந்த வருஷத் தேர் முடிந்த மறுநாளும் வந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வடம் இழுப்பது போலக் காட்டி, மகளைப் பார்த்தார். தேருக்கு அவர் வைத்திருக்கும் சைகை. மகள் எழுந்து நின்று அதையே செய்தாள். பிறகு இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். தேர் தூங்குகிறது. இரண்டு சைகையை அடுத்தடுத்து வைத்து ஒரு வாக்கியம். அவர் சத்தமாகச் சிரித்தார். இப்போது அவர் வந்தால் மகள் வாயால் பேசுவதில்லை. மாடு, மழை, சோறு எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள். நாங்கள் இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவரிடம் கற்றுக்கொண்டது தலையசைப்பு மட்டும்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் இந்தத் தடவை 'வந்தன'னோடு தொடங்கவில்லை. பலகையில் 'அப்பாக்கு, ஆயாக்கு, நானுக்கு, நீக்கு' என்று எழுதினேன். எங்கள் வீட்டுப் பாப்பா இப்படிச் சொல்கிறாள், இதில் எது தப்பு, ஏன் தப்பு என்று கேட்டேன். எது தப்பு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஏன் என்பதற்கு வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், நான் எனக்குன்னு ஆகுது. நாங்க எங்களுக்குன்னு ஆகுது. நீ உனக்குன்னு ஆகுது, நீங்க உங்களுக்குன்னு ஆகுது. அவரு மட்டும் அவருக்குன்னே இருக்குது, மாறல. பேசறவங்க ரெண்டு பேரும் மாறுறாங்க சார், மத்தவங்க மாறல." தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பெயர்களை நான் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். உடனே ஒரு பையன், அப்படியானால் 'தான்' படர்க்கைதானே, அது ஏன் 'தனக்கு' என்று மாறுகிறது என்று கேட்டான். நன்னூலில் அதற்கும் இடம் வைத்திருக்கிறார் பவணந்தியார், பிரித்துக் காட்டினேன். இந்த உருமாற்றங்களை ஒரே நூற்பாவில் அடக்கியிருப்பதைப் பார்த்ததும் அந்தப் பெண், தான் கண்டுபிடித்ததை யாரோ முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது போல முகத்தைச் சுருக்கினாள். பிறகு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் உட்காரும் பையன் கேட்டான்: "சார், பாப்பா வேற இன்னா சார் சொல்லுது?"